கால் பக்கம் வந்த சூடு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சித்திரை பிறந்து சில நாள்களில் நடந்தது இது. இடம் லிம் சூ காங் பக்கம். சிங்கப்பூரில் டிராக்டர் எங்கே ஓடுகிறது என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஓடுகிறது. கால்வாய்க் கரைகள், பெரிய சாலைகளின் ஓரம், காலியாகக் கிடக்கும் அரசாங்க நிலங்கள் என்று எங்கே பார்த்தாலும் புல். இரண்டு வாரம் வெட்டாமல் விட்டால் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிடும். அதை வெட்டுவதற்கு, பின்னால் வெட்டும் இயந்திரம் பூட்டிய டிராக்டர்கள் இருக்கின்றன. கண்ணாடிக் கேபின் வைத்தவை. கேபின் என்றால் ஏசி இருக்கும். ஏசி இருந்தால் அது என்றைக்காவது கெட்டுப்போகும். அங்கேதான் என் பிழைப்பு.

நான் ஜூரோங்கில் ஒரு பட்டறையில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறேன். மண் தோண்டும் இயந்திரம், பாரம்தூக்கி, கண்டெய்னர் இழுக்கும் லாரி, டிராக்டர் எல்லாவற்றுக்கும் ஏசி பழுது பார்ப்போம். வீடு பூன் லேயில். காலையில் பட்டறைக்குப் போய் வேனை எடுத்தால், பழுது எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் செய்து கொடுத்துவிட்டு வருவேன். கதவைத் திறந்ததும் வரும் காற்றை முகத்தில் வாங்கியே பழுது என்னவென்று சொல்லிவிடுவேன் என்று எங்கள் பட்டறையில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நானும் நம்பினேன். இந்த அனுபவத்தைச் சொல்வதற்கு முன் அதை ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

புல்வெட்டும் ஒப்பந்தம் எடுத்திருந்த ஒரு நிறுவனத்தில் அந்த டிராக்டர் இருந்தது. அதை ஓட்டியவர் ஒரு பெண். நாற்பத்தெட்டு வயதிருக்கும். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி வருகிறவர். விடிவதற்குள் எல்லைச் சோதனை வரிசையில் நின்று, ஏழு மணிக்கெல்லாம் வேலைக்கு வந்துவிடுவார். அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பழக் குலை ஏற்றும் டிராக்டரைப் பதினைந்து வருடம் ஓட்டியவராம். மெலிந்த உடம்பு. அதிகம் பேசமாட்டார். தலைக்கவசத்துக்குள் ஒரு பருத்தித் துணியைக் கட்டியிருப்பார். டிராக்டரைத் திருப்புவதைப் பார்த்தால், இந்தக் கை புதிதில்லை என்று தெரியும்.

முதல் புகார் சீனப் புத்தாண்டு முடிந்த பிறகு வந்தது. 'ஏசி போதவில்லை' என்று அந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் பட்டறைக்குத் தகவல் அனுப்பியிருந்தார். நான் காலை எட்டு மணிக்குப் போனேன். டிராக்டர் தகரக் கூரைக்கடியில் நின்றது. எஞ்சினை ஓடவிட்டு, கேஸ் அழுத்தம் பார்த்தேன். அளவு சரி. கம்ப்ரெஸர் சரி. காற்று வரும் துவாரத்தில் வெப்பமானியைச் செருகினேன். பத்து நிமிடத்தில் எட்டு டிகிரி காட்டியது. வீட்டு ஏசியே இந்த அளவுக்குக் குளிராது.

அந்த அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

"காலையில நல்லாத்தான் வருதுண்ணே. ஒரு மணி நேரம் வெயில்ல ஓட்டினப்புறம் பாருங்க, காத்து மாறிடுது. கால்கிட்ட சூடா வருது."

"எஞ்சின் முன்னாலேயே இருக்குல்லம்மா. கொஞ்சம் சூடு தெரியத்தான் செய்யும்" என்றேன்.

"அந்தச் சூடு எனக்குத் தெரியும்ணே. இது வேற மாதிரி."

நான் கருவிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தேன். அறிக்கையில் 'ஏசி நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி அழைத்தார்கள். இந்த முறை எனக்குக் கொஞ்சம் எரிச்சல். முன்பக்க வலையில் புல் தூசி அடைத்திருந்தது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். காற்று வடிகட்டியையும் மாற்றினேன். மறுபடி அதே எட்டு டிகிரி. அவர் மறுபடி அதையே சொன்னார், கால்கிட்ட சூடு என்று. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டியதற்காக அந்த மாதம் அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார்களாம். சரிவில் கதவைத் திறந்து ஓட்டுவது விதிக்கு மாறு. மேற்பார்வையாளர் என்னிடம் அதைச் சொல்லி, "என்னண்ணே பண்றது?" என்றார்.

அவரும் நம் தமிழர்தான். நாற்பது வயதிருக்கும், நல்ல மனிதர். அவரைச் சிரிக்க வைக்கிற நினைப்பில் நான் சொன்னேன்: "இனிமே சீட்டுக்கு அடியில ஐஸ் கட்டிதான் வைக்கணும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அம்மா நான்கடி தள்ளித்தான் நின்றார். சக்கரத்தில் சுற்றியிருந்த புல்லை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை. ஓர் ஆண் ஓட்டுநர் அதே புகாரைச் சொல்லியிருந்தால் இந்த நகைச்சுவை என் வாயில் வந்திருக்குமா என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். வந்திருக்காது.

அறிக்கையில் இந்த முறை ஒரு வரி கூடுதலாக எழுதினேன். 'ஏசி நல்ல நிலையில் உள்ளது. ஓட்டுநருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது.' என்ன விளக்கம் அளித்தேன் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

சித்திரையில் வெயில் கொளுத்தியது. அந்த வாரம் மழை இல்லை, காற்றும் இல்லை. ஒரு பிற்பகலில் அவர் கால்வாய்க் கரையின் சரிவில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கதவு மூடியிருந்தது. கடிதம் வாங்கிய பிறகு அவர் ஒருநாளும் கதவைத் திறக்கவில்லை. திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மயங்கும் நேரத்திலும் கால் பிரேக்கை மிதித்திருக்கிறது. ஆனாலும் டிராக்டர் புல்லில் சறுக்கிக்கொண்டே கீழே போய், முன்சக்கரம் கரையோர இரும்புக் கம்பி வேலியில் இடித்து, வேலி வளைந்து, அப்படியே நின்றிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு மாடி ஆழத்துக்குச் சிமெண்ட் கால்வாய். மழை இல்லாததால் அடியில் தண்ணீர்கூட இல்லை.

கூட வேலை செய்தவர்கள் ஓடிப்போய் கதவைத் திறந்து அவரை இறக்கியிருக்கிறார்கள். மருத்துவமனையில் ஒருநாள் வைத்திருந்து, ஊசி வழியாக நீர் ஏற்றி அனுப்பினார்கள். வெப்பம் தாங்காமல் வந்த மயக்கம் என்றார்கள். அடி எதுவும் இல்லை. தெய்வாதீனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மேற்பார்வையாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ஆபீஸ்ல ரிப்போர்ட் கேக்குறாங்க. மெஷின்ல கோளாறா, ஆளுக்கு முடியலையான்னு. உங்க பழைய ரிப்போர்ட் ரெண்டும் ஃபைல்ல இருக்கு. இன்னொரு தடவை வந்து செக் பண்ணி ஒரு சைன் போட்டுட்டீங்கன்னா மூடிடலாம்."

"அவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. ஆனா டிராக்டர் ஓட்ட முடியாதுன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிட்ட மாதிரிதான் தெரியுது. இந்த மாசக் கடைசியோட போகச் சொல்லிடுவாங்க போல. பாவம்தான்ணே, ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் பதினோரு மணிக்குப் போனேன். அரை மணி நேர வேலை, முடித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்ற கணக்கு.

டிராக்டரை மேட்டில் ஒரு மழைமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். அந்த அம்மாவும் இருந்தார். கேபினுக்குள் இருந்த தன் பொருள்களை எடுத்துப் போக வரச் சொல்லியிருந்தார்களாம். ஒரு தண்ணீர்க் குடுவை, முதுகுக்கு வைக்கும் சின்னத் தலையணை, ஒரு மாற்றுச் சட்டை. எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

நான் கேஸ் அளக்கும் கருவியை மாட்டப் போனேன். அவர் பக்கத்தில் வந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க எப்பவும் இங்க நிக்க வச்சுத்தான் பாக்குறீங்க. ஒரே ஒரு தடவை உள்ள உக்காந்து, கதவை மூடிக்கிட்டு, வெயில்ல ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அதில் கோபம் இருந்திருந்தால் நான் மறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். இல்லை. மேற்பார்வையாளரைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கி, "ஓட்டிப் பாருங்கண்ணே, என்ன இப்போ" என்றார்.

சமதளமான பகுதியில் ஓட்டினேன். பின்னால் வெட்டும் இயந்திரமும் சுழன்றது. எனக்கு எல்லா வண்டியும் ஓட்டத் தெரியும், ஆனால் வேலை நேரத்தில், வேலை செய்கிற மாதிரி ஒரு டிராக்டரை ஓட்டி ஏசி பார்த்தது அதுதான் முதல் தடவை. வெப்பமானியைத் துவாரத்தில் செருகியிருந்தேன். முதல் பதினைந்து நிமிடம் எட்டு, ஒன்பது. நான் சொன்னது சரிதான் என்று மனத்துக்குள் ஒரு திருப்தி. அரை மணியில் பதின்மூன்று. வெயில் நான்கு பக்கக் கண்ணாடி வழியாகவும் இறங்கியது. நாற்பது நிமிடத்தில் பதினெட்டு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஐம்பது நிமிடத்தில் இருபத்திரண்டு. அதற்குள் எனக்கு நெற்றிப் பொட்டு இரண்டும் தெறிக்க ஆரம்பித்தன. கை தானாகவே கதவின் கைப்பிடிக்குப் போனது. கொஞ்சம் திறந்தால் போதும் என்றிருந்தது. அப்போதுதான் அந்த எச்சரிக்கைக் கடிதம் நினைவுக்கு வந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் வலது கணுக்காலில் ஒரு காற்று பட்டது. எஞ்சின் பக்கத்துத் தகடு சூடேறித் தரும் வெக்கை எனக்குத் தெரியும். அது அசையாமல் நிற்கும். இது ஊதியது. சோற்றுப் பானை மூடியைத் திறக்கும்போது கையில் படுமே, அப்படி.

டிராக்டரை மரத்தடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. இருக்கைக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு ரப்பர் குழாய்கள். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். இரண்டும் கொதித்தன.

இந்த இடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். இந்த டிராக்டர்கள் பனி பெய்யும் நாடுகளில் தயாராகி வருபவை. அங்கே ஓட்டுநருக்குக் குளிர்காலத்தில் சூடு வேண்டும். அதனால் எஞ்சினைச் சுற்றி வரும் கொதிநீரில் கொஞ்சத்தைக் கேபினுக்குள் கொண்டுவரும் ஹீட்டர் ஒன்றை ஏசிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். ஒரு வால்வு அதை மூடித் திறக்கும். நம் ஊரில் அந்த வால்வு மூடியே இருக்க வேண்டும். ஹீட்டரை யாரும் தொடுவதில்லை, அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வால்வு திறந்துகொண்டால், ஒரு பக்கம் ஏசி குளிர்விக்கும், பக்கத்திலேயே ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும். காலையில் எஞ்சின் சூடாகாதவரை ஒன்றும் தெரியாது. தகரக் கூரைக்கடியில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கிறவனுக்கு என்றைக்குமே தெரியாது.

குழாயை இடுக்கியால் நெரித்துப் பிடித்தேன். ஐந்து நிமிடத்தில் இருபத்திரண்டு பதினான்கானது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒன்பது. பழுதைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி இருக்கிறதே, அது எங்கள் தொழிலில் ஒரு போதை. ஒரு நிமிடம் அந்த மகிழ்ச்சியில் இருந்தேன். வால்வு ஏன் திறந்தது என்று பார்க்க இன்னும் உள்ளே கைவிட்டேன். வால்வை இழுக்கும் கம்பி அதன் கொக்கியில் இல்லை. தனியாக ஓரமாகத் தொங்கியது. அதன் நுனியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது.

அந்த டேப்பைச் சுற்றியது நான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வேலைக்காக எதையாவது கழற்றி ஒதுக்கி வைத்தால், திரும்ப மாட்ட மறக்கக் கூடாது என்பதற்காக அதில் சிவப்பு டேப் சுற்றி வைப்பேன். பட்டறையில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. டிசம்பர் மழையில் இதே டிராக்டருக்குக் காற்றை ஊதும் மோட்டாரை மாற்றியது நினைவுக்கு வந்தது. இடம் போதாமல் அந்தக் கம்பியைக் கழற்றினேன். டேப் சுற்றினேன். பாதியில் தொலைபேசி வந்தது. வேறோர் இடத்தில் அவசரம். மூடியை மாட்டிவிட்டு ஓடினேன். கம்பி இல்லாத வால்வு டிராக்டர் குலுங்கக் குலுங்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கிறது. மழைக்காலம் என்பதால் முதலில் யாருக்கும் தெரியவில்லை. மழை நின்றதும் அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. அவர் சொன்னார். நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று.

குனிந்தபடியே இருந்தேன். மேற்பார்வையாளர் இருபதடி தள்ளி நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மரத்து வேரில் உட்கார்ந்திருந்தார். என்னை யாரும் பார்க்கவில்லை.

அப்போது நான் செய்ததைச் சொல்ல இன்றும் நா கூசுகிறது. டேப்பைப் பிய்த்தேன். உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வால்வை மூடி, கம்பியைக் கொக்கியில் மாட்டி, இறுக்கி, மூடியைப் போட்டேன். கை பாட்டுக்கு வேலை செய்தது. தலைக்குள் கணக்கு ஓடியது. இருபத்து நான்கு வருடப் பெயர். பட்டறை முதலாளியின் முகம். 'வால்வு போய்விட்டது, சரிசெய்துவிட்டேன்' என்று சொன்னால் முடிந்தது. டிராக்டரில்தான் கோளாறு என்று தெரிந்துவிடும், அந்த அம்மாவுக்கும் வேலை கிடைத்துவிடும். யாருக்கு என்ன நஷ்டம்?

இறங்கிப் போய் அப்படியே சொன்னேன்.

"வால்வு ஒண்ணு லூஸாயிடுச்சு. சுடுதண்ணி உள்ள வந்துருக்கு. சரி பண்ணிட்டேன்."

மேற்பார்வையாளர் தலையாட்டினார். பிறகு நான் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார்.

"எப்போலேர்ந்துண்ணே? போன தடவை நீங்க பாத்தப்ப இல்லதானே?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "இப்பத்தான் ஆயிருக்கும். வேலியில இடிச்ச அதிர்ச்சியிலகூட லூஸாயிருக்கலாம்."

அவர் அந்த அம்மாவிடம் திரும்பினார். கடுமையாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "பாத்தீங்களாக்கா, அப்போ அன்னைக்கு மெஷின் நல்லாத்தான் இருந்துருக்கு. நான் ஆபீஸ்ல என்ன சொல்லட்டும்?"

நான் சொன்ன பொய் அந்த அம்மாவைக் காப்பாற்றவில்லை. அவரை இன்னும் நன்றாக மாட்டிவிட்டது. அந்த அம்மா என்னை முறைக்கவில்லை. எத்தனையோ முறை கேட்டுப் பழகிய பதிலை இன்னொரு முறை கேட்டவர் போல, துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வேரைப் பிடித்து மெதுவாக எழுந்தார். எழும்போது கொஞ்சம் தள்ளாடினார். அதைப் பார்த்ததும் என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"நில்லுங்கம்மா" என்றேன்.

சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்து மேற்பார்வையாளர் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டிசம்பரில் கழற்றியது, மாட்ட மறந்தது, இரண்டு முறையும் நிழலில் பத்து நிமிடம் மட்டும் பார்த்தது, இப்போது டேப்பை ஒளித்தது, ஒரு நிமிடத்துக்கு முன் பொய் சொன்னது. "அவங்க மொத நாள்லேர்ந்து சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. தப்பு முழுக்க என்னோடது" என்று சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

மேற்பார்வையாளர் அந்தச் சிவப்புச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஐஸ் கட்டின்னு சொல்லி நானும்தானே சிரிச்சேன்" என்றார்.

அந்த அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் மறுபடி வேரில் உட்கார்ந்தார். முந்தானைபோலத் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அழுகிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

"மூணு மாசமாண்ணே" என்றார். "எனக்கே சந்தேகம் வந்துருச்சு. மெஷினு நல்லாருக்குன்னு படிச்சவங்க எழுதிக் குடுக்குறாங்க, அப்ப நம்ம ஒடம்புலதான் என்னமோன்னு. வயசு ஆவுதுல்ல, பொம்பளைங்களுக்கு வர்ற சூடு அதுவா இருக்கும்னு நெனச்சேன். ஜொகூர் கிளினிக்ல ரத்தம்கூட எடுத்துப் பாத்தேன். ஒண்ணும் இல்லன்னாங்க. அப்ப எனக்கு மனசுதான் சரியில்லையோன்னு…"

முடிக்காமல் நிறுத்தினார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்ல லா. அது போதும்ணே" என்றார். லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

அவர் வேலையை மட்டும்தான் நான் பறிக்கப் பார்த்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தன் உடம்பு சொல்வதையே நம்ப முடியாத நிலைக்கு ஒருவரைத் தள்ளியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. கால்வாயை நினைத்தால்கூட எனக்கு அவ்வளவு நடுக்கம் வருவதில்லை. வேலி நின்றது, தப்பித்தார். அந்த மூன்று மாதத்துக்கு எந்த வேலி இருந்தது?

டிராக்டரின் சக்கரத்தின்மேல் தாளை வைத்து அங்கேயே புதிய அறிக்கை எழுதினேன். பழைய இரண்டு அறிக்கைகளும் தவறு என்று எழுதி, காரணத்தையும் எழுதி, பெயர் போட்டுக் கையெழுத்திட்டேன். மேற்பார்வையாளர் தன் பங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று அவரே அலுவலகத்தில் வாதாடினாராம். அடுத்த வாரமே அந்த அம்மா மறுபடி அதே டிராக்டரில் ஏறினார்.

பட்டறையில் எனக்கு நல்ல மண்டகப்படி. முதலாளி அரை மணி நேரம் கத்தினார். ஓர் ஆண்டுக்கு என் அறிக்கையில் இன்னொருவரும் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு போட்டார். என்னைவிடப் பத்து வருடம் இளையவர் ஒருவர் நான் எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். முதல் சில வாரம் அவமானமாக இருந்தது. பிறகு அது ஒரு நிம்மதியாகிவிட்டது. வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பேப்பரை ஒளிச்சு வச்சிருந்தா நீங்க என்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டீங்க, இல்ல?" என்று மட்டும் கேட்டாள். டேப்பைத்தான் பேப்பர் என்று சொன்னாள். நான் திருத்தவில்லை.

அதே ஆண்டு தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. மனைவியோடு தேக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். சிராங்கூன் சாலையில் நடக்க இடமில்லை. விளக்கு அலங்காரம், முறுக்கு சுடும் வாசனை, பூக்கடைக் கூட்டம். யாரோ "அண்ணே!" என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் அந்த அம்மா. சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார். எனக்கு ஒரு நொடி அடையாளமே தெரியவில்லை. கூடவே அவர் கணவரும், வேலைக்குப் போகிற வயதில் ஒரு மகளும். ஜொகூரிலிருந்து துணி எடுக்க வந்திருக்கிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கணவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உங்கள் மனைவியைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் நான்தான் என்று எப்படி நிற்பது? அந்த அம்மா சாதாரணமாகத் தன் மகளிடம் சொன்னார்:

"இவங்கதான் நான் சொன்னேன்ல. என்னோட டிராக்டர்ல ஏறி ஒரு மணி நேரம் வெயில்ல உக்காந்து ஏசிய சரி பண்ணிக் குடுத்த அண்ணன்."

கணவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிண்ணே. இப்ப இவ வீட்டுக்கு வந்தா தலைவலின்னு படுக்கிறதில்ல" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார், வேண்டாம் என்பது போல. பிறகு என் மனைவியிடம் திரும்பி, எந்தக் கடையில் ஜாக்கெட் துணி நன்றாக இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அவர்கள் கூட்டத்தில் கலந்து போனபிறகு நான் நடைபாதை ஓரமாக ஒரு கடைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். நடந்தது முழுவதையும் அவர் வீட்டில் சொல்லியிருக்கலாம். அதற்கு அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று அவர் தானே முடிவுசெய்திருக்கிறார்.

இப்போதும் நான் அதே வேலைதான் செய்கிறேன். எங்கே போனாலும் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஓட்டுநரிடம் என்ன, எப்போது, எந்தப் பக்கம் என்று கேட்டு, அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதிக்கொள்கிறேன். பிறகு அவர் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்து வெயிலில் ஒரு சுற்றுப் போய் வருகிறேன். நேரம் ஆகிறது, முதலாளி முணுமுணுக்கிறார். ஆனால் தன் உடம்பில் படுவதைச் சொல்கிற ஒரு மனிதரை நம்பாமல் என் கையிலிருக்கும் கருவியை மட்டும் நம்பினால், நான் பார்க்காத ஒரு சரிவில் யாரோ தன்னைத்தானே சந்தேகித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பார் என்ற பயம் என்னை இன்றுவரை விடவில்லை. அது விடாமலே இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன்.